சம்பந்தி கட்டிய கொட்டகை

சம்பந்திக்கு,

தக்காளிச் செடியைத் தொட்டால் கையில் ஒரு வாசனை ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது. இன்று காலை அந்தக் கையோடுதான் டீ கொண்டுபோய் வைத்தேன். என் கொழுந்தனார் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டு மூக்கைச் சுளித்தார். "என்னங்கண்ணி, டீயில பச்சை வாசம் அடிக்குது?" என்றார். "தக்காளித் தழை வாசம். புடிக்கலைன்னா வச்சிருங்க, நான் குடிச்சுக்கறேன்" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடியிருப்பீர்கள்.

அவர் தனியாக வரவில்லை. ஷெட் போடுகிற ஆள் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் கையில் இரும்பு டேப். என் மகன் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறான், அது தெருவில் வெயிலில் காய்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அதை நிறுத்த வேண்டுமாம். பின்னால் அதற்குத் தோதாக இருப்பது ஒரே இடம்தான், நம் தக்காளிக் கொட்டகை நிற்கிற இடம். "ஆறு மாசமாச்சுங்கண்ணி. கட்டுனவங்களும் போயிட்டாங்க. இன்னும் எதுக்குங்க அது?" என்று கேட்டார் கொழுந்தனார். டேப்பை ஒரு முனையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே நீட்டினார் அந்த ஆள். நான் பிடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் உங்களைக் கூப்பிட்டதில்லை. உங்கள் மகள் என் மகனுக்கு மனைவியாக வந்த நாளிலிருந்து நீங்கள் எனக்குச் சம்பந்தி, நான் உங்களுக்குச் சம்பந்தி. அதற்கு மேல் ஒருவருக்கொருவர் பெயர் தேவைப்படவில்லை. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருந்தீர்கள். நான் வெண்ணந்தூரில் நாலு விசைத்தறி ஓடிய வீட்டுக்காரி. கல்யாணம் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் உங்கள் வீட்டுக்காரர் போனார், அதற்கடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போனார். நீங்கள் கடையை மூடினீர்கள். நான் தறிகளை விற்றேன். தறியை விற்றதற்காக ஊரே என்னிடம் துக்கம் விசாரித்தது. எனக்கு ஒரு துக்கமும் இல்லை. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே தொண்டை போனவள் நான், அப்பாடா என்று இருந்தது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு எப்படி வருவீர்கள் என்பது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாமக்கல்லில் ஒரு பஸ், ராசிபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ. முன்னறையில் நாற்காலியின் நுனியில் உட்காருவீர்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்ற முறையை உங்களைப் போல யாரும் பிடித்துக்கொண்டதில்லை. ஒரு வாய் டீ, அதுவும் நான் மூன்று தடவை சொன்ன பிறகு. மகளை ஒரு கண்ணால் பார்ப்பீர்கள், அவள் இளைத்திருக்கிறாளா என்று. வெயில் தாழ்வதற்குள் "அப்ப நான் போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்துவிடுவீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன் சம்பந்தி. அப்போதெல்லாம் நான் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொன்னது வாய் வார்த்தைக்குத்தான். நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரிந்து சொன்னது. மாப்பிள்ளையைப் பெற்றவள் என்ற ஒரு சுகம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. நீங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இது உண்மை.

தறிக்கொட்டாயைப் பிரித்த பிறகு பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடி வெற்றிடம் கிடந்தது. ஒருநாள் உங்கள் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த ஊரோ, ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணாடி மாதிரி ஒரு குடிலுக்குள் நின்றுகொண்டு கை நிறையத் தக்காளி பறிக்கிறாள். எனக்கு என்ன தோன்றியதோ, "எனக்கும் இது வேணும்" என்றேன். அதுவரை நான் ஒரு துளசிச் செடியைக்கூட உருப்படியாக வளர்த்ததில்லை. மகன் சிரித்தான். கொழுந்தனார் சிரித்தார். "ஐம்பத்தெட்டு வயசுல அண்ணி கிரீன் ஹவுஸ் போடறாங்களாம்" என்று தெருவில் போய்ச் சொன்னார், தெருவும் சிரித்தது. அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீடியோவை வாங்கி இரண்டு தடவை பார்த்தீர்கள். "எத்தனை அடிங்க இடம்?" என்று கேட்டீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் பஸ்ஸில் வரவில்லை. குட்டி யானை வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். பின்னால் ஏழு இரும்பு வளைவுகள். லாரிக்கு மேல் தார்ப்பாய் தொய்யாமல் தாங்குவதற்கு வில்லாக வளைத்துப் போடுவார்களே, அந்தப் பைப்புகள். உடைத்த லாரியிலிருந்து எடுத்ததாம். ஒரு பெரிய சுருள் பிளாஸ்டிக் ஷீட், நைலான் கயிறு, கயிறு கோக்கிற துளைகளுக்கு ஐலெட் வளையம் அடிக்கிற சுத்தி, உள்ளங்கை நீளத்துக்குக் கோணூசி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு "கம்பிக்குக் குழி தோண்டலாமுங்களா?" என்றீர்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்த பெண்பிள்ளையா இது என்று நான் வாயைப் பிளந்தேன்.

மாசி மாதம் அது. நாலு நாள் நாமிருவரும் வேலை செய்தோம். ஷீட்டின் ஓரத்துக்குப் பழைய தார்ப்பாய்ப் பட்டை கொடுத்து இரட்டைத் தையல் போட்டீர்கள். சாணுக்கு ஒரு ஐலெட் அடித்தீர்கள். கீழ் ஓரத்தை மண்ணுக்குள் ஓரடி விட்டு மிதித்து மூடினோம். கதவுக்குக்கூட ஒன்றன்மேல் ஒன்று படிகிற இரட்டை மடிப்பு. "தையல்னா தண்ணி நம்மளைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும்" என்பீர்கள். முடிந்ததும் சோதனை. நான் உள்ளே நின்றேன், நீங்கள் ஏணியில் ஏறி நாலு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றினீர்கள். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. நான் கை தட்டினேன். கொழுந்தனார் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உள்ளே குழித்தட்டுகளில் தென்னை நார்த்தூளை நிரப்பி தக்காளி, மிளகாய், கொத்தமல்லி போட்டோம். வீடியோவில் பார்த்த ஆசையில் நான் குடமிளகாயும் போட்டேன். பத்தே நாளில் எல்லாம் முளைத்தன. நீங்கள் போனில் எடுத்த படங்களை நாமக்கல்லில் யார் யாருக்கெல்லாம் காட்டினீர்களோ.

பங்குனி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் நான் கதவு மடிப்பை விலக்கினேன். முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே இருந்த நானூறு நாற்றும் வதக்கிய கீரை மாதிரி தட்டில் படுத்திருந்தன. மூக்குக் கண்ணாடி வேர்த்து எனக்கு எதுவும் தெரியவில்லை. தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொழுந்தனார் வந்து எட்டிப் பார்த்தார். "இட்லிக் குண்டான்ல செடி வச்சா வேகாம என்னங்கண்ணி பண்ணும்?" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், அது உண்மைதானே. அதோடு விட்டாரா? அன்றைக்கு நீங்களும் அங்கே இருந்தீர்கள். உங்கள் காதில் விழட்டும் என்றே சொன்னார். "மக ஊட்டுக்கு வந்து வந்து போறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல, அதுக்குத்தான் இந்தக் கொட்டாய்." நீங்கள் வெந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தீர்கள். கை கால் கழுவினீர்கள். டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனீர்கள்.

பதினைந்து நாள் வரவில்லை. போன் செய்தால் "வேலை இருக்குதுங்க" என்றீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். விசேஷம், துக்கம் என்று எதுவும் இல்லாமல் மோகனூர் ரோட்டில் உங்கள் மாடி வீட்டுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து! மாப்பிள்ளையைப் பெற்றவள் சும்மா வர மாட்டாளே. நீங்கள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மகளுக்கு என்னவோ என்று பயந்துபோய் "பாப்பா நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று கேட்டீர்கள்.

"பாப்பா நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் சரியில்லை. என்ன வேலைங்க உங்களுக்கு? கடையத்தான் மூடியாச்சே?" என்றேன்.

நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினீர்கள். எனக்குப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தீர்கள். சாப்பிடும்போதுதான் சொன்னீர்கள்: "உங்க கொழுந்தனார் சொன்னது பொய்யில்லைங்க சம்பந்தி. எனக்கு அங்க வரதுக்கு ஒரு சாக்கு வேணும்னுதான் இருந்துச்சு. போன்ல பேசறது பேச்சாங்க? பெத்த புள்ளை, சித்த நேரம் பக்கத்துல இருக்கோணும்னு இருக்குமில்லைங்களா?"

"இருந்தா என்னங்க? உங்களைப் பார்க்கறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணும்தான்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அப்போது கீழே ரோட்டில் ஒரு லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. நீங்கள் சன்னல் வழியாகப் பார்த்தீர்கள், பார்த்துக்கொண்டே எழுந்து நின்றீர்கள். சின்ன வெங்காய லோடு. மேலே மட்டும் தார்ப்பாய், இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டியிருந்தது. நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

"எங்கடைக்கு வர ஒவ்வொரு வண்டிக்கும் சொல்லுவனுங்க, வெங்காய லோடா, மேல மட்டும் போடு, ஓரத்தைத் தூக்கிக் கட்டு, காத்து போகலைன்னா ஊர் போய்ச் சேரதுக்குள்ள அழுகிரும்னு. சிமென்ட் லோடுக்குத் தைக்கற மாதிரி செடிக்குத் தைச்சுட்டனே! சிமென்ட்டு மூச்சு விடுமாங்க? செடி விடுமில்ல!"

முப்பது வருஷம் தார்ப்பாய் தைத்த கைக்குத்தான் அந்தத் தப்பு வரும். வேறு யார் கட்டியிருந்தாலும் எங்காவது நாலு ஓட்டை விட்டிருப்பார்கள், செடியும் பிழைத்திருக்கும். உங்கள் வேலை அவ்வளவு சுத்தம். அதைச் சொல்லி நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

அன்றைக்கே என்னோடு பஸ் ஏறினீர்கள். கூரை ஷீட்டைக் கழற்றிவிட்டுப் பச்சை வலை போட்டோம். நாலு பக்கமும் படுதாவாகத் தைத்துக் கயிறு போட்டீர்கள், இழுத்தால் சுருண்டு மேலே ஏறும், விட்டால் இறங்கும். காலை பத்து மணிக்கு ஏற்ற வேண்டும், பெருமழை வந்தால் இறக்க வேண்டும். ஊரார் பார்க்கட்டும் என்று தெருப்பக்கத்துப் படுதாவை நான் எப்போதும் ஒரு முழம் கூடவே தூக்கி விடுவேன்.

அதற்குப் பிறகும் நாம் செய்த தப்புகளுக்குக் குறைவில்லை. தண்ணீர் அதிகமாக ஊற்றித் தண்டு அழுகியது. வெள்ளை ஈ வந்து மிளகாய் இலையெல்லாம் சுருண்டது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, என் மகனுடைய மஞ்சள் பைலையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டோம். அவன் அதில் வைத்திருந்த காகிதங்களை ஒரு வாரம் தேடினான். என் குடமிளகாய் இரண்டே இரண்டு காய்த்தது, சுண்டைக்காய்க்கு அக்கா என்று சொல்லலாம். நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி, இதை அரிஞ்சா கத்திக்குத்தான் அவமானம்" என்றீர்கள்.

ஆனால் தக்காளி காய்த்தது. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு பழம். ரசம் வைத்தேன், கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். நாலு இலை போட்டேன். நீங்கள் வழக்கம்போல வாசற்படியில் நின்றுகொண்டு "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றீர்கள்.

"இது உங்க பொண்ணு ஊட்டுச் சோறு இல்லீங்க. தக்காளி நீங்க போட்டது. கொத்தமல்லி நீங்க போட்டது. மொளகா நீங்க போட்டது. உங்க தோட்டத்துச் சாப்பாட்டை நீங்க சாப்பிடறதுக்கு எந்த முறை குறுக்க வருது?" என்றேன்.

"அரிசி?" என்றீர்கள், விடாமல்.

"அடுத்த வருசம் கொட்டாயிலயே நெல்லும் நட்டுருவோம். இப்ப உட்காருங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். சாய்ந்து, நன்றாகக் காலை மடக்கி, சுவரோரமாக. உங்கள் மகள் ரசம் ஊற்ற வந்தவள் ஊற்ற முடியாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான்தான் ஊற்றினேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் மகன் கல்யாணத்தில்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு நாளானது, இரண்டு நாள் நாலானது. கொட்டகையை ஒட்டியிருந்த சின்ன அறையில் உங்களுக்கு ஒரு கட்டில் போட்டேன். ஒரு விசேஷத்தில் பத்துப் பேர் நடுவில் கொழுந்தனார் கேட்டார், "சம்பந்தியம்மா இங்கேயே தங்கிட்டாங்களாட்டம் இருக்குது?" என்று. "ஆமாங்க, செடிக்கு ஞாயித்துக்கெழமை லீவு இல்லைங்களே" என்றேன். நீங்கள் என் முழங்கையைக் கிள்ளினீர்கள். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. யார் என்ன சொன்னாலும் நான் பதில் வைத்திருந்தேன். எனக்கு வாய் இருக்கிறது, பயம் இல்லை என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தை மாதம் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கயிற்றை இழுத்துப் படுதாவை ஏற்றிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில், இருதயம் பலவீனமாக இருக்கிறது, தனியாக விடாதீர்கள் என்றார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது என்ற பேச்சு வந்தது. எனக்கு அதில் பேச்சே இல்லை, சின்ன அறையில் கட்டில் இருக்கிறது.

கொழுந்தனார் வந்தார். அந்தத் தடவை கேலி இல்லை. குரலைத் தாழ்த்தி, பெரிய மனிதராகப் பேசினார். "வந்து போறது வேற, செடி கொடின்னு இருக்கறது வேறங்கண்ணி. உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பொண்ணு குடுத்த ஊட்டுல சம்பந்தி சாவு உழுந்தா அது யாருக்குங்க நல்லது? உங்க பையனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குது. அவங்களுக்கு இந்த ஊட்டுல என்னங்க இடம்?" என் மகன் தரையைப் பார்த்தான். உங்கள் மகள் என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று இந்த ஆறு மாதமும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது. "அப்ப நாமக்கல்லுக்கே போகட்டும், பாப்பா கூடப் போய் இருக்கட்டும்" என்று அவரே முடித்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "பரவால்லீங்க சம்பந்தி, முறைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க" என்றீர்கள். எனக்குச் சமாதானம் சொன்னீர்கள், உங்களை வெளியே அனுப்பிய எனக்கு.

உங்கள் மகள் மூன்று வாரம் உங்களோடு இருந்தாள். லீவு முடிந்து அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய இரண்டாம் நாள் மத்தியானம், கீழ்வீட்டு அம்மா சாப்பாடு கொண்டுபோய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நீங்கள் திறக்கவில்லை. அன்று காலையில்தான் என்னிடம் போனில் பேசினீர்கள். "தக்காளிக்குக் கொம்பு நட்டீங்களா? மத்தியானத்துல படுதாவைத் தூக்கி உடறீங்களா?" என்று கேட்டீர்கள். எல்லாம் செய்கிறேன் என்றேன். கிளம்பி வாங்க என்று சொல்லவில்லை. நாளைக்கு நான் வருகிறேன் என்றுதான் சொன்னேன். நாளைக்கு வந்தேன், ஊரோடு சேர்ந்து, கையில் மாலையோடு.

இனி இன்றைய காலைக்கு வருகிறேன்.

நான் டேப்பைப் பிடிக்காததால் ஷெட்காரர் அதைத் தரையில் கல்லை வைத்து நிறுத்தப் பார்த்தார். "அளக்க வேண்டாமுங்க. இது இடிக்கறதுக்கு இல்லை" என்றேன்.

"அண்ணி, வெவரமில்லாமப் பேசாதீங்க. அண்ணன் இருந்திருந்தா..."

"அண்ணன் இருந்திருந்தா அவரைக் கேட்டிருப்பேன். இப்ப நான்தான் இருக்கேன்."

என் மகன் நடுவில் வந்தான். "அம்மா, கார் வெயில்ல பெயிண்ட் போயிரும்மா" என்றான். "நாமக்கல்ல நல்ல தார்ப்பாயா ஒண்ணு வாங்கிப் போட்டு மூடு சாமி. காருக்கு மூச்சு முட்டாது" என்றேன். ஷெட்காரர் சிரித்துவிட்டார், பாவம். கொழுந்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்று சத்தம் போட்டார். "செத்துப்போன சம்பந்திக்கு இந்த ஊட்டுல என்னங்க இடம்?"

அதே கேள்வி, சம்பந்தி. கடைசி நாலு வார்த்தையும் மாறாமல் அதே கேள்வி.

"தை மாசமும் இதையேதான் கேட்டீங்க. அன்னைக்கு நான் வாயை மூடிட்டு நின்னேன். அதுக்குத்தான் அந்த மனுசி ஆளில்லாத ஊட்டுல போய்ச் செத்துச்சு. இன்னைக்கு மூடறதா இல்லைங்க. என்ன இடம்னு கேட்டீங்களே, இருபதுக்குப் பன்னெண்டு. டேப்பு கையிலதான் இருக்குது, அளந்து பார்த்துக்குங்க. அந்த ரூமும் அவங்க ரூமுதான். இன்னொண்ணையும் கேட்டுக்குங்க. அவங்க வருசத் திதி இந்த ஊட்டுலதான் நடக்கும். வந்தா இலை போடறேன், வரலைன்னா உங்க இஷ்டம்."

உங்கள் மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஏழு வருஷமாக இந்த வீட்டில் அவள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்ததில்லை. உங்களுக்காக ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும், எவ்வளவு அடக்கியிருப்பாள் என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஷெட்காரரிடம் போய், "அண்ணா, நீங்க போயிட்டு வாங்க. எங்கத்தை சொல்லிட்டாங்க" என்றாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். கொழுந்தனாரும் பின்னாலேயே போனார். டீ அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து அழுதோம். அவள் அழுதது உங்களுக்காக. நான் அழுததில் பாதி வெட்கம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "விடுங்கத்தை, அம்மா உங்களை ஒரு நாளும் தப்பா நினைக்கலை" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொழுந்தனார் சும்மா இருக்க மாட்டார். பெரிய மாமனார் வீட்டில் பேசுவார், ஊரில் பேசுவார், திதிக்கு யாரையும் வரவிடாமல் செய்யப் பார்ப்பார். செய்யட்டும். தக்காளி இந்தத் தடவை கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. மிளகாயில் இன்னும் இலைச் சுருட்டல் போகவில்லை, எனக்கு அதற்கு வழி தெரியவில்லை. இரண்டரை வருஷம் ஆகியும் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுபடி விதை போட எனக்கு இப்போது கூச்சமில்லை. உங்களோடு சேர்ந்து நானூறு நாற்றை வேகவைத்தவளுக்கு இனி என்ன கூச்சம்?

ஒரு தக்காளிக் கொட்டகைக்காக இன்றைக்கு இவ்வளவு பேசிய நான், உங்களுக்காக அன்றைக்கு அரை வார்த்தை பேசவில்லை. அதை மறைக்க எனக்கு எந்தச் செடியும் வேண்டாம். மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கவும் மாட்டேன். கேட்டால் நீங்கள் யோசிக்காமல் மன்னித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். காரில் ஏறும்போதே பாதி மன்னித்தும் விட்டீர்கள். அது எனக்கு வேண்டாம் சம்பந்தி. என்மேல் எனக்கிருக்கிற இந்தக் கோபம் என்னிடமே இருக்கட்டும். இன்றைக்கு என்னைப் பேசவைத்தது அதுதான். இந்த வீட்டில் எனக்கு இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.